நாற்பத்திரண்டு எழுத்து

ஒரு வரிக்கு நாற்பத்திரண்டு எழுத்து,
ஒரு தடவைக்கு இரண்டு வரி,
நிமிடத்துக்கு அறுபது ரூபாய்.
ஓசூரில் ராயக்கோட்டை சாலை மாடியில்
மார்கழிப் பனி ஜன்னலில் ஒட்டிக்கொண்டிருக்க
பழைய ஹாலிவுட் குதிரைப் பந்தயப் படம் ஒன்றுக்குத்
தமிழில் சப்டைட்டில் எழுதிக்கொண்டிருந்தேன்.

சேணம், கடிவாளம் வரை வந்துவிட்டது.
அதற்கப்புறம் தமிழ் நொண்டியது.
கீழ்வீட்டு எல்லப்பாவைக் கூப்பிட்டேன்.
மத்திகிரிப் பக்கம் குதிரைப் பண்ணையில்
இருபத்தாறு வருடமாக லாயத்து வேலை.
நைட் டியூட்டி முடித்த கையோடு வந்தவர்
குரங்குக் குல்லாயைக் கழற்றாமல் உட்கார்ந்தார்,
உலர்புல்லும் டிஞ்சரும் மணக்க.

'இது உண்மைக் கதை' என்று ஆரம்பித்தது படம்.

குட்டி பிறந்தது. அரை நிமிடத்தில் எழுந்து
கதாநாயகியின் மடியில் தலை வைத்தது.
"ஒரு மணி நேரம் ஆவும்மா. நாலு தடவ விழும்.
விழறதக் காட்டவே இல்லியே."

கதை நடப்பது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தில்.
மணியடித்து இரும்புக் கூண்டுகள் திறந்தன.
தேடிப் பார்த்தேன்:
அந்தக் கூண்டு வர இன்னும் முப்பது வருடம் இருக்கிறது.
எல்லப்பாவுக்கு வருடம் பொருட்டில்லை.
"கூண்டுல ஏத்தறதுக்குள்ள எங்களுக்கு உயிர் போவும்.
இவன் பூனைய விடறாப்ல விடறான்."

கிட்டத்தில் நெற்றிச் சுட்டி.
வளைவில் சுட்டியைக் காணோம்.
கடைசி நூறு கஜத்தில் முன்கால் வெள்ளை.
"மூணு குதிர, ஒரே பேரு.
கொள்ளு எத்தன குதிரைக்கு வெச்சான்?"

ஓடும்போதெல்லாம் கனைத்தது.
"ஓடற குதிர எங்கம்மா கனைக்கும்?
மூச்சு விடவே அதுக்கு நேரம் பத்தாது."
[குதிரை கனைக்கிறது] என்பதைப்
பதினோரு இடத்தில் அழித்து
[மூச்சு] என்று போட்டேன்.

ஓரிடத்தில் பிலிமைத் திருப்பி ஒட்டிவிட்டார்கள்.
இடப்பக்கம் வளைய வேண்டிய பந்தயம் வலப்பக்கம் வளைந்தது,
சேணத்துணியில் எண் கண்ணாடியில் பார்த்த மாதிரி.
எல்லப்பா எழுந்தே நின்றுவிட்டார்.
"இதான் சரி! பெங்களூர்ல இப்படித்தான்!"
படம் முழுக்க அந்தப் பன்னிரண்டு நொடிதான்
அவருக்குச் சரித்திரம்.

நடுவே நிஜப் பந்தயத்தின் செய்திப்படத் துண்டு ஒன்று.
கீறல் மழைக்குள்
நிஜக் குதிரை குள்ளமாக, கழுத்தை நீட்டி.
வெற்றிக் கம்பத்துக்குச் சற்று முன்னால் வெட்டியிருந்தார்கள்.
அன்று அது இரண்டாவதாக வந்ததாம்.

அந்த நாட்டில் அந்தக் காலத்தில்
பெரிய பந்தயங்களை ஓட்டிய கறுப்பர்கள் பலர்
என்று படித்திருக்கிறேன்.
படத்தில் குதிரை மேல் ஒருவர்கூட இல்லை.
கீழே ஒருவர்.
ஐம்பத்திரண்டாம் நிமிடம்,
கயிறு பிடித்து நிற்கிறார்.

"கொஞ்சம் நிறுத்தும்மா."

திரைக்கு முகம் கொடுத்து வெகுநேரம் பார்த்தார்.
"கயித்தக் கையில சுத்தல பாரு. மடிச்சுப் புடிச்சிருக்காரு.
சுத்தினா, அது இழுக்கும்போது விரல் அதோட போயிடும்.
இவரு நடிக்க வந்தவர் இல்ல. நம்மாளு."
எல்லப்பாவின் இடது மோதிர விரல்
பாதியில் நின்றுவிடும்.
நான் கேட்டதில்லை.

அந்த ஆளின் உதடு அசைகிறது.
ஒலிநாடாவில் வயலின்கள் மட்டும்.
என்ன சொல்கிறார் என்றேன்.
கண்ணை மூடிக்கொண்டு
கன்னடமும் தெலுங்குமாய்
மடியில் இல்லாத ஒரு கழுத்தைத் தடவியபடி
ஏதோ சொன்னார்.
தமிழில் எழுதிக்கொண்டேன்:

ஒண்ணுமில்ல. நான் இருக்கேன்.
நில்லு.

கடைசியில் பெயர்கள் ஓடின.
கதாநாயகியின் தொப்பி தைத்தவருக்குக்கூட ஒரு வரி.
கயிற்றுக்காரருக்கு இல்லை.

இரண்டு நாள் கழித்து மின்னஞ்சல்:
கனைப்பு எல்லா இடத்திலும் திரும்பச் சேர்க்கவும்.
52:17, இங்கே வசனம் இல்லை. நீக்கவும்.
சேர்த்தேன். நீக்கினேன்.
பணம் வந்தது.

மாடிப்படி அடியில் ஸ்வெட்டரோடு நின்றார்,
பண்ணை வேனுக்காக.
"படம் வந்துடுச்சா? நம்மாளு பேசறாரா?"

பேசறார், என்றேன்.
ரெண்டு வரி.